டிரைவ் எரிந்துவிட்டது: ரிப்பேரா, அதே மாடல் புதுசா, வேற கம்பெனியா, பழசா?

பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி ஷிப்டில் 7-ஆம் நம்பர் ரிங் ஃபிரேம் (நூல் நூற்கும் மெஷின்) நின்றுபோனது. மெயின் மோட்டாரை வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டும் எலக்ட்ரானிக் பெட்டியான 37 கிலோவாட் டிரைவில் ஓவர் கரண்ட் என்று காட்டியிருக்கிறது, ஷிப்டில் இருந்தவர்கள் ரீசெட் பண்ணிப் பண்ணி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள், ஆறாவதோ ஏழாவதோ தடவை உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம், அதோடு பேனல் பிரேக்கரும் விழுந்துவிட்டது. காலையில் நான் போய் நின்றதும் ஆளாளுக்குக் கேட்ட ஒரே கேள்வி: ரிப்பேருக்கு அனுப்பலாமா, புதுசு வாங்கிவிடலாமா?

ரிப்பேர் என்று முடிவு பண்ணினோம். நாலு நாளில் திரும்பி வந்தது, மாட்டினோம், 11 நாள் நன்றாக ஓடியது, மறுபடி அதே ஃபால்ட், மறுபடி அதே ‘டப்’. ரிப்பேர் பண்ணியவர் மேல் எல்லோருக்கும் கோபம். ஆனால் தப்பு அவர் பக்கம் இல்லை, டிரைவ் ஏன் போனது என்று பார்க்காமலே அதைக் கழற்றி அனுப்பிய எங்கள் பக்கம்தான். இரண்டாவது தடவை எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி மோட்டார் கேபிளை டிரைவ் பக்கம் கழற்றி 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்தார். 0.4 மெகாஓம், ரொம்பக் குறைவு. பிறகு மோட்டார் டெர்மினல் பாக்ஸைத் திறந்து அந்தப் பக்கமும் கழற்றி, மோட்டாரைத் தனியாகப் பார்த்தார், 200-க்கு மேல். “மோட்டார் நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா, கேபிள்லதாங்க பிரச்சினை” என்றார். கேபிளை உருவினோம். மெஷின் அடிச் சட்டத்தில் தகடு வெட்டிய ஓட்டை வழியாக கிளாண்ட் (கேபிளைப் பிடித்துக் காக்கும் வளையம்) இல்லாமலே கேபிளை நுழைத்திருந்தார்கள், வருஷக்கணக்காக அதிர்ந்து அதிர்ந்து தகட்டின் விளிம்பு இன்சுலேஷனைத் தேய்த்து, ஒரு இடத்தில் செம்பு தெரிந்தது. நகத்தளவு இடம்தான்.

டிரைவ்களில் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் எர்த் ஃபால்ட்டுக்கும் பாதுகாப்பு உண்டு, அது முதல் தடவை ட்ரிப் ஆகித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் ஷார்ட் இருக்கும்போது ஒவ்வொரு ரீசெட்டும் டிரைவுக்குள் மோட்டாருக்குக் கரண்ட் விடும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச்சான ஐ.ஜி.பி.டி.யை மறுபடி அந்த ஷார்ட்டின் மேலேயே ஆன் பண்ணுவதுதான். ஆறு தடவை அப்படிப் பண்ணினால் எந்தக் கம்பெனி டிரைவும் தாங்காது. இப்போது எங்கள் மில்லில் ஓவர் கரண்ட், எர்த் ஃபால்ட் இரண்டுக்கும் ஒரு தடவைதான் ரீசெட், அப்புறம் மெயின்டனன்ஸுக்கு போன் பண்ண வேண்டும் என்று எல்லா பேனல் கதவிலும் எழுதி ஒட்டியிருக்கிறது.

ஆகவே நாலு வழிகளையும் ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். இந்த ஒரு மணி நேரம்தான் எந்த வழி சரி என்பதையே தீர்மானிக்கிறது.

வாங்குவதற்கு முன்னால் அந்த ஒரு மணி நேரம்

முதலில் பவரை ஆஃப் பண்ணி லாக் போட்டுவிட்டுக் காத்திருங்கள். 415 வோல்ட் உள்ளே போனால் டிரைவுக்குள் டி.சி.யாக மாறி நிற்கும் இடத்தில், அதாவது டி.சி. பஸ்ஸில், ஏறக்குறைய 585 வோல்ட் நிற்கும், டிஸ்ப்ளே அணைந்த பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். டிரைவ் மேலேயே எத்தனை நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்று ஸ்டிக்கர் இருக்கும், பெரும்பாலும் 5 முதல் 15 நிமிஷம். அந்த நேரம் முடிந்துவிட்டது என்பதற்காகவும் கையை வைக்காதீர்கள், பஸ் பிளஸ், மைனஸ் டெர்மினலில் மீட்டர் வைத்து 50 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் தொட வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகாமல் நிற்கும் டிரைவை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

அப்புறம் இன்புட், அவுட்புட் இரண்டு பக்கக் கேபிளையும் கழற்றிவிட்டு மீட்டரை டயோட் மோடில் வையுங்கள். சிவப்பு ப்ரோப் பஸ் மைனஸில், கறுப்பு ப்ரோப் மோட்டாருக்குப் போகும் யு, வி, டபிள்யூ டெர்மினல் ஒவ்வொன்றிலும். 0.3 முதல் 0.5 வரை ஏதோ ஒரு எண் வரும், மூன்று ஃபேஸிலும் கிட்டத்தட்ட ஒரே எண் வர வேண்டும். அடுத்து கறுப்பை பஸ் பிளஸில் வைத்து சிவப்பை யு, வி, டபிள்யூவில் வையுங்கள், அதே போல வர வேண்டும். ப்ரோப்பை மாற்றி வைத்தால் ஓப்பன் காட்ட வேண்டும். எங்கேயாவது சைபர் வந்தால் அந்த ஃபேஸ் ஐ.ஜி.பி.டி. ஷார்ட். இதையே கரண்ட் உள்ளே வரும் ஆர், எஸ், டி டெர்மினல்களில் செய்தால் ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையர் நிலைமை தெரிந்துவிடும். இது பத்து நிமிஷ வேலை. இதில் எல்லாம் சரியாக இருந்து டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் சின்ன பவர் சப்ளைதான் போயிருக்கும், அது ரிப்பேருக்கு ரொம்ப நல்ல கேஸ். இந்த ஒரு சோதனையிலேயே பாதி முடிவு வந்துவிடுகிறது.

டிரைவ் சாகவில்லை, ட்ரிப் மட்டும் ஆகிறது என்றால் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். ஸ்பீடு ஏறும்போது ஓவர் கரண்டா, மோட்டார் கேபிளைக் கழற்றிவிட்டு டிரைவை மட்டும் சாதாரண வி-பை-எஃப் மோடில் (ஸ்பீடுக்கு ஏற்ப வோல்டேஜ் ஏறும் முறை) ஓட்டிப் பாருங்கள், அப்போதும் ட்ரிப் ஆனால் டிரைவ், ஆகாவிட்டால் கேபிள், மோட்டார், இல்லை மெஷின் இறுக்கம். நிறுத்தும்போது ஓவர் வோல்டேஜா, டிசெலரேஷன் நேரம் குறைவாக இருக்கும், இல்லையென்றால் நிறுத்தும்போது மோட்டார் திருப்பி அனுப்பும் கரண்டைச் சூடாக்கித் தீர்க்கும் பிரேக்கிங் ரெசிஸ்டர் அறுந்திருக்கும். அண்டர் வோல்டேஜ் என்றால் இன்புட் ஃப்யூஸையும் கான்டாக்டர் பாயிண்டையும் பார்க்காமல் டிரைவைக் குறை சொல்லாதீர்கள். ஒரு பாயிண்ட் கருகி ஒரு ஃபேஸ் சரியாக வராமல் இருந்ததற்கு நல்ல டிரைவைக் கழற்றி அனுப்பி, ‘ஒன்றும் இல்லை’ என்று திரும்பி வந்ததும் உண்டு.

மெக்கர் வைக்கும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. டிரைவிலிருந்து கேபிளைக் கழற்றாமல் மெக்கர் வைக்கவே கூடாது. அந்த 500 வோல்ட் டி.சி. டிரைவுக்குள்ளும் போகும், நல்லதாக இருந்ததும் கெட்டுவிடும். இந்த வகை மோட்டாருக்கு 5 மெகாஓமுக்குக் கீழே வந்தால் ஓட்டக் கூடாது என்பது கணக்கு.

அப்புறம் ஹீட் சிங்க். ஸ்பின்னிங் மில்லில் இதைச் சொல்லாமல் விட முடியாது. நம் காற்றில் பஞ்சு இருக்கிறது, டிரைவின் ஃபேன் அதை இழுத்துக்கொண்டே இருக்கிறது. நான் திறந்து பார்த்த ஒரு டிரைவில் அலுமினிய தகடுகளுக்கு நடுவில் பஞ்சு இறுகி மெத்தைத் துண்டு மாதிரியே ஆகியிருந்தது, ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் தகட்டின் அச்சோடு முழுசாக வந்தது, ஃபேன் இறக்கை அதில் சிக்கி நின்றேவிட்டது. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்குச் சூடு 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவாக எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அப்படிப் பார்த்தால் சுத்தம் பண்ணாத பேனலில் எந்த வழியைத் தேர்ந்தாலும் அது சீக்கிரம் சாகத்தான் போகிறது.

ஒரு நாள் நின்றால் எவ்வளவு?

இதைப் போட்டுப் பார்க்காமல் கொட்டேஷனை மட்டும் ஒப்பிடுகிறவர்கள் அதிகம். எங்கள் ஃபிரேம் 1,200 ஸ்பிண்டில், அதாவது நூல் சுற்றும் 1,200 கதிர்கள். 40 கவுண்ட் (நூலின் மென்மைக்கான எண்) ஓடும்போது ஒரு ஸ்பிண்டிலுக்கு ஷிப்டுக்கு ஏறக்குறைய 110 கிராம் என்று வைத்தால் ஷிப்டுக்கு 132 கிலோ, நாளுக்குக் கிட்டத்தட்ட 400 கிலோ. பஞ்சு, கரண்ட் எல்லாம் போக கிலோவுக்கு 50 ரூபாய் மில்லுக்கு நிற்கிறது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 20,000 ரூபாய். உங்கள் கவுண்டும் மார்க்கெட்டும் வேறாக இருக்கும், உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 7-ஆம் நம்பருக்கு வந்த விலைகள் இப்படி: ரிப்பேர் 42,000, நாலு நாள். அதே மாடல் புதுசு 1,35,000, ஐந்து வாரம். வேறு கம்பெனி புதுசு 1,05,000, கோவையில் டீலரிடம் கையிருப்பு, மறுநாள். பழைய டிரைவ் 45,000, அன்றைக்கே. விலையை மட்டும் பார்த்தால் ரிப்பேர்தான் ஜெயிக்கிறது. நாலு நாள் நின்றதையும் சேர்த்தால் ரிப்பேர் 1,22,000 ஆகிறது, வேறு கம்பெனி புதுசு ஒரு நாளோடு 1,25,000. இரண்டும் ஒன்றுதான். ஐந்து வாரம் காத்திருப்பதைக் கணக்குப் போடவே வேண்டாம்.

இதே 0.75 கிலோவாட் கன்வேயர் டிரைவாக இருந்தால் கணக்கு தலைகீழ், அதில் ரிப்பேர் என்ற பேச்சே வீண், கூரியர் செலவுக்குக்கூட கட்டாது. 11 கிலோவாட்டுக்குக் கீழே பவர் பகுதி போயிருந்தால் நான் ரிப்பேருக்கு அனுப்புவதில்லை. சின்ன டிரைவ்களில் ரெக்டிஃபையரும் ஐ.ஜி.பி.டி.யும் ஒரே மாட்யூலாகப் போர்டிலேயே சால்டர் பண்ணி இருக்கும், எடுத்துப் போடும்போது போர்டும் பாழாகும்.

ரிப்பேர்

நான் ரிப்பேருக்கு எதிரி இல்லை. பவர் சப்ளை, ஃபேன், டிஸ்ப்ளே, ப்ரீசார்ஜ் ரிலே, வயசான கெப்பாசிட்டர், இதெல்லாம் கோவையிலும் திருப்பூரிலும் நன்றாகச் செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகங்கள் கிடைக்கின்றன, காசு மிச்சம். பிரச்சினை ஐ.ஜி.பி.டி. வெடித்து போர்டு கருகிய கேஸ். கருகிய போர்டில் கார்பன் தடம் இருந்தால் எவ்வளவு சுத்தம் பண்ணினாலும் ஈரக்காற்றில் அது மறுபடி கசியும். நம் டிபார்ட்மென்ட்டில் காற்றை ஈரமாக வைக்கும் ஹியூமிடிஃபிகேஷன் எப்போதும் ஓடுகிறது என்பதை ரிப்பேர்காரர் மேஜையில் யாரும் நினைப்பதில்லை.

இன்னொன்று, ஐ.ஜி.பி.டி. போகும்போது பெரும்பாலும் அதை ஆன், ஆஃப் பண்ணும் கேட் டிரைவ் சர்க்யூட்டையும் சேர்த்துக் கெடுத்துவிட்டுத்தான் போகும். மாட்யூலை மட்டும் மாற்றி லாம்ப் லோடில் ஓட்டிக் காட்டினால் ஓடும், மெஷினில் மாட்டிக் காப் (நூல் சுற்றிய குழல்) பாதி நிறைந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினால் போய்விடும். ஆகவே கொடுக்கும்போதே கேளுங்கள்: எந்தப் பாகம் மாற்றினீர்கள், பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா, மோட்டார் லோடில் எத்தனை நேரம் ஓட்டினீர்கள், எழுத்தில் எத்தனை மாத வாரண்டி. இதற்கு நேராகப் பதில் சொல்பவரை விட்டுவிடாதீர்கள், அவர் விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் சரி.

போட்ட மாட்யூல் எங்கிருந்து வந்தது என்பதும் கேள்விதான். இன்ஃபினியான், ஃப்யூஜி, மிட்சுபிஷி, செமிக்ரான் டான்ஃபாஸ் என்று பெரிய பெயர்கள் இருக்கின்றன (செமிக்ரானும் டான்ஃபாஸின் பவர் மாட்யூல் பிரிவும் 2022-இல் ஒன்றானதால் லேபிள் மாறியிருக்கும், அதைப் பார்த்து டூப்ளிகேட் என்று பயப்பட வேண்டாம்). மார்க்கெட்டில் பழைய டிரைவிலிருந்து கழற்றிய மாட்யூலைத் துடைத்து மறுபடி அச்சடித்து விற்பதும் நடக்கிறது. ஸ்க்ரூ போடும் இடத்தில் வாஷர் அழுத்திய வட்டம், அடித்தகட்டில் கீறல், பின்னில் பழைய சால்டர், ஒரே டப்பாவில் வேறு வேறு தேதிக் குறியீடு, இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது, டிரைவை அனுப்புவதற்கு முன்னால் பாராமீட்டரை, அதாவது அதில் போட்டிருக்கும் செட்டிங் எண்களை, எடுத்து வைப்பது. இதைச் செய்யாதவர்கள் நிறையப் பேர். டிஸ்ப்ளே வருகிறது என்றால் கீபேடில் காப்பி பண்ணுங்கள், இல்லை போனில் ஒவ்வொரு ஸ்க்ரீனாகப் படம் எடுங்கள். திரும்பி வரும்போது ஃபேக்டரி செட்டிங்கில்தான் வரும்.

அதே மாடல் புதுசு

வயரிங் மாற்ற வேண்டாம், பாராமீட்டரை அப்படியே ஏற்றலாம், பேனலில் ஓட்டை போட வேண்டாம். ஷிப்ட் எலக்ட்ரீஷியனே ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடுவார். கிடைத்தால் இதைவிடச் சுலபம் வேறில்லை.

கிடைப்பதுதான் கஷ்டம். டிரைவ் கம்பெனிகள் தங்கள் மாடல்களுக்கு ஆயுள் கட்டங்கள் வைத்திருக்கின்றன. ஏ.பி.பி. அதை ஆக்டிவ், கிளாசிக், லிமிடெட், அப்சொலீட் என்று நாலாகப் பிரிக்கிறது. உங்கள் மாடல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மாடல் நம்பரோடு எழுதிக் கேட்டால் டீலர் சொல்லிவிடுவார், மில்லில் இருக்கும் எல்லா டிரைவுக்கும் ஒரே மெயிலில் கேட்டு வாங்கி வைப்பது நல்லது. சீமென்ஸ் மைக்ரோமாஸ்டர் 440 இடத்துக்கு சைனமிக்ஸ் ஜி120 வந்தது, ஏ.பி.பி. ஏ.சி.எஸ். 550 இடத்துக்கு 580, யஸ்கவா ஏ1000 இடத்துக்கு ஜி.ஏ.700. பெயர் ஒரே கம்பெனி என்றாலும் பாராமீட்டர் நம்பர்கள் வேறு, அளவு வேறு. ஆக, ‘அதே கம்பெனியின் அடுத்த மாடல்’ என்பது நடைமுறையில் வேறு கம்பெனி மாற்றுவதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. அப்படி இருக்கும்போது கம்பெனிப் பெயருக்காக ஐந்து வாரம் காத்திருப்பதில் அர்த்தம் எனக்குத் தெரியவில்லை. 2021, 2022-இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது மாதக்கணக்கில் காத்திருந்த மில்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

வேறு கம்பெனி புதுசு

நாங்கள் கடைசியில் போனது இந்த வழி. கேபிளை மாற்றி, கிளாண்ட் போட்டு, ஹீட் சிங்க் பின்னால் காற்று போக இடம் விட்டு மாட்டினோம். இன்றுவரை ஓடுகிறது. ஆனால் மாட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன, அவற்றில்தான் ஆட்கள் சிக்கிக்கொள்கிறார்கள்.

பெரிய தப்பு கிலோவாட்டை மட்டும் பார்த்து வாங்குவது. ஒரே டிரைவுக்கு இரண்டு ரேட்டிங் போட்டிருப்பார்கள், நார்மல் ட்யூட்டி, ஹெவி ட்யூட்டி. நார்மலில் ஓவர்லோட் 110 அல்லது 120 சதவீதம்தான் ஒரு நிமிஷத்துக்கு, ஹெவியில் 150 சதவீதம். பல கம்பெனிகளில் ‘45 கிலோவாட் நார்மல்’ என்பதும் ‘37 கிலோவாட் ஹெவி’ என்பதும் ஒரே பெட்டிதான். ஃபேனுக்கும் பம்புக்கும் நார்மல் போதும். ரிங் ஃபிரேமுக்குப் போதாது, 1,200 ஸ்பிண்டிலையும் நின்ற நிலையிலிருந்து சுழற்றி எடுக்க வேண்டும், அதுவும் காப் நிறைந்து வரும் நேரத்தில் கரண்ட் போய்த் திரும்பி வந்தால் அந்த ஸ்டார்ட்டிங் கடுமையாக இருக்கும். கொட்டேஷன் வாங்கும்போது மோட்டார் நேம் பிளேட்டின் ஆம்பியரைக் கொடுங்கள், ஹெவி ட்யூட்டியில் அந்த ஆம்பியருக்குக் குறையாமல் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். விலை குறைவாகச் சொல்பவர் நார்மல் ரேட்டிங்கில் கொடுத்திருப்பார், மற்றவர் ஹெவியில் கொடுத்திருப்பார். அதைக் கவனிக்காமல் ‘பத்தாயிரம் கம்மி’ என்று வாங்கிவிட்டு அப்புறம் வருத்தப்படுகிறோம்.

அடுத்து கன்ட்ரோல் வயரிங். எங்கள் ஃபிரேமில் மெஷின் பி.எல்.சி. (மெஷினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டர்) 0 முதல் 10 வோல்ட் ஸ்பீடு சிக்னலும் ரன் சிக்னலும் மட்டும் கொடுக்கிறது, டிரைவ் ஒரு ஃபால்ட் ரிலேயைத் திருப்பித் தருகிறது. இது எந்தக் கம்பெனி டிரைவுக்கும் ஒத்துவரும், அரை நாளில் முடிந்தது. ஆனால் பி.எல்.சி. ஆர்.எஸ். 485 கம்பியில் மாட்பஸ் என்ற டேட்டா முறை வழியாகப் பேசுகிறது என்றால் நிலைமை வேறு, ரெஜிஸ்டர் முகவரிகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பி.எல்.சி. புரோகிராமில் கை வைக்க வேண்டும், அந்த புரோகிராம் மெஷின் கம்பெனியிடம் பாஸ்வேர்டோடு இருக்கும். அப்படிப்பட்ட மெஷின் என்றால் நான் சொன்னதை மறந்துவிட்டு அதே மாடலையோ மெஷின் கம்பெனி சொல்லும் மாற்று மாடலையோதான் வாங்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை போன் பண்ணுவதற்கு முன்னாலேயே பேனல் டிராயிங்கில் பார்த்துவிடுங்கள்.

ஜப்பான் டிரைவ்களில் டிஜிட்டல் இன்புட் பெரும்பாலும் 0 வோல்ட்டோடு சேர்த்து ஆன் பண்ணும் சிங்க் முறையில் செட் பண்ணி வரும், ஐரோப்பிய பேனல்களில் 24 வோல்ட் கொடுத்து ஆன் பண்ணும் சோர்ஸ் முறை. உள்ளே ஒரு ஸ்விட்ச்சோ ஜம்பரோ இருக்கும், மாற்றினால் சரி. மாற்றாமல் ‘டிரைவ் ஸ்டார்ட் எடுக்கவில்லை, புதுசே கெட்டது’ என்று திருப்பி அனுப்பியவர்களைத் தெரியும். அப்புறம் பிரேக்கிங் ரெசிஸ்டர் வைத்திருக்கும் மெஷின் என்றால், புது டிரைவில் அந்த ரெசிஸ்டரை ஆன், ஆஃப் பண்ணும் பிரேக்கிங் சாப்பர் உள்ளேயே இருக்கிறதா என்று கேளுங்கள். சின்ன டிரைவ்களில் இருக்கும், பெரியதில் தனியாக வாங்க வேண்டி வரும், கொட்டேஷனில் அது இருக்காது.

பழைய டிரைவ்

மூடிய மில்களிலிருந்து, ஏலத்திலிருந்து வரும் சரக்கு. சிலது உண்மையிலேயே நல்லது, ஏ.சி. ரூமில் இருந்து வந்திருக்கும். ஆனால் எத்தனை வருஷம் குடோனில் கரண்ட் இல்லாமல் கிடந்தது என்பது தெரியாது, அதுதான் ஆபத்து. கெப்பாசிட்டர் நீண்ட நாள் சும்மா கிடந்தால் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் தேய்ந்துபோகும், நேராக 415 வோல்ட் கொடுத்தால் வெடிக்கவும் செய்யும். ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்த டிரைவுக்கு ரீஃபார்மிங் பண்ண வேண்டும் என்று பல கம்பெனிகள் மேனுவலிலேயே எழுதியிருக்கின்றன, அதாவது வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக, மணிக்கணக்கில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். விற்கிறவரிடம் ரீஃபார்ம் பண்ணினீர்களா என்று கேளுங்கள், அவருக்கு அந்த வார்த்தையே புரியவில்லை என்றால் வந்த வழியே திரும்பிவிடலாம்.

ஜி.எஸ்.டி. பில்லையும் கணக்கில் எடுங்கள். டிரைவுக்கு 18 சதவீதம், பில்லோடு வாங்கினால் அந்த வரியை மில் இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். பில் இல்லாத 45,000-க்கு எதுவும் திரும்பாது, வாரண்டியும் கிடையாது.

என் வரைக்கும் பழசுக்கு ஒரே ஒரு இடம்தான். மெஷினையே இன்னும் இரண்டு வருஷத்தில் விற்கப் போகிறோம், அதன் டிரைவ் மார்க்கெட்டில் இல்லை, பி.எல்.சி.யோடு மாட்பஸில் பேசுகிறது, இப்படி எல்லா வழியும் அடைத்துவிட்டால் பழசு. சீமென்ஸ் எஸ்7-300 மாதிரி 2023 அக்டோபரில் படிப்படியாக நிறுத்தும் கட்டத்துக்குள் போன பி.எல்.சி. கார்டுகளுக்கும் இதே நியாயம் பொருந்தும், ஒரு இன்புட் கார்டுக்காக முழு பேனலையும் மாற்ற யாரும் மாட்டார்கள்.

அதுவரை ஓட்டுவதற்கு

மில்லுக்குள்ளேயே இருக்கும் ஐந்தாவது வழியை நிறைய இடங்களில் மறந்துவிடுகிறார்கள். ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட்டின் சப்ளை ஃபேனிலும் டிரைவ் இருக்கிறது. குளிர் மாதத்தில் அந்த ஃபேனை டிரைவ் இல்லாத பழைய ஸ்டார்ட்டர் முறையான ஸ்டார்-டெல்டாவில் நேராக ஓட்டி, டேம்பரால் (காற்று வழியை அடைக்கும் தகடு) காற்றைக் குறைத்துக்கொண்டு, டிரைவை ஃபிரேமுக்குக் கொண்டுவரலாம். கரண்ட் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், அவ்வளவுதான். ஆனால் அது நார்மல் ட்யூட்டியில் தேர்ந்தெடுத்த டிரைவாகத்தான் இருக்கும், ஆகவே அக்ஸலரேஷன் நேரத்தை நீட்டி, ஸ்பீடையும் கொஞ்சம் குறைத்து வைத்து ஓட்ட வேண்டும். நாங்கள் ஒரு ஃபிரேமை இப்படி ஒன்பது நாள் ஓட்டினோம். ஃபிரேமையே ஸ்டார்-டெல்டாவில் ஓட்டலாமே என்று பழைய மேஸ்திரிகள் சொல்வார்கள், அவர்கள் காலத்து ஃபிரேம் அப்படித்தான் ஓடியது. இன்றைய ஸ்பீடில் அந்த இழுப்புக்கு நூல் அறுந்து தள்ளும், அறுந்த நூலை ஒட்டும் பீசிங் பண்ண ஆள் போதாது.

சின்ன சாமான்களுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை

கான்டாக்டர், ஓவர்லோட் ரிலே, பிரேக்கர், இவற்றில் ரிப்பேரும் இல்லை, பழசும் இல்லை. பெரிய கான்டாக்டருக்குப் பாயிண்ட் கிட் கிடைத்தால் மாற்றலாம், மற்றதெல்லாம் புதுசு, அதுவும் ஆதரைஸ்டு டீலரிடம். வாங்கும்போது ஏசி-3 ஆம்பியரைப் பாருங்கள், டப்பாவில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் சில சமயம் ஏசி-1, அது ஹீட்டருக்கானது, மோட்டாருக்கு இல்லை. காயில் வோல்டேஜ் 230-ஆ 110-ஆ 24 டி.சி.யா என்று பழையதைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லுங்கள்.

கடைகளில் இப்போது ஒரு குழப்பமும் ஓடுகிறது. எல் அண்ட் டி தன் ஸ்விட்ச்கியர் தொழிலை 2020-இல் ஷ்னைடருக்கு விற்றுவிட்டது, 2024-இல் அந்தச் சரக்குக்கு லாரிட்ஸ் நுட்சன் என்று பெயர் வந்துவிட்டது. எங்கள் ஸ்டோர்காரர் புது டப்பாவைப் பார்த்துவிட்டு, “டூப்ளிகேட் குடுத்துட்டானுங்க சார்” என்று திருப்பி அனுப்பப் போனார். பெயர்தான் மாறியிருக்கிறது. உண்மையான டூப்ளிகேட்டுக்கு அடையாளம் வேறு: எடை குறைவாக இருக்கும், அச்சு மங்கலாக இருக்கும், விலை டீலர் விலையில் பாதிதான் இருக்கும்.

இப்போது எங்கள் ஸ்டோரில் 37 கிலோவாட் ஹெவி ட்யூட்டி டிரைவ் ஒன்று எப்போதும் இருக்கிறது. எல்லா ஃபிரேமின் பாராமீட்டரும் ஃபிரேம் நம்பரோடு பிரிண்ட் எடுத்து அதன் டப்பாவிலேயே வைத்திருக்கிறோம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அதை வெளியே எடுத்து, டெஸ்ட் பெஞ்சில் சில மணி நேரம் பவர் கொடுத்து வைத்துவிட்டு, தேதியை மார்க்கரால் டப்பா மேலேயே எழுதுகிறார் தம்பி. போன மாசம் 3-ஆம் நம்பர் ஃபிரேம் ராத்திரி ஓவர் கரண்டில் நின்றபோது ஷிப்டில் இருந்தவர் ஒரே ஒரு தடவை ரீசெட் அழுத்திவிட்டு எனக்கு போன் பண்ணினார். மோட்டார் டெர்மினலில் கேபிள் முனையில் இருக்கும் லக் ஒன்று லூஸாகிக் கருகியிருந்தது. லக்கை மாற்றினோம். டிரைவுக்கு ஒன்றும் ஆகவில்லை.